வெள்ளவத்தையிலை கொதிச்ச லொறி

நீங்கள் எல்லாரும் வெள்ளவத்தையைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் கடற்கரை, கரையோரம் ஓடுற கோச்சி ரெயில், பின்னேரத் தோசை எண்டுதான் தொடங்குவியள். கதையுங்கோ, நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேக்கிறன். ஆனா எனக்கு வெள்ளவத்தை எண்டால் முதல் வாறது ஒரு மணம். சூடேறின றப்பர் குழாயும் துருப்பிடிச்ச தண்ணியும் டீசலும் சேர்ந்த மணம். இப்பவும் ஒரு பழைய லொறி புகை விட்டுக்கொண்டு போனால் மகள் மூக்கைப் பொத்துவாள், நான் மூச்சை இழுப்பன். அம்மாக்கு விசர் எண்டு அவள் நினைக்கிறாள். நினைக்கட்டும்.

அந்த லொறி எங்கடை பெரியப்பான்ரை. தமிழாக்களை அடிச்ச கலவரத்துக்குப் பிறகு அவர் குடும்பத்தோடை வெளிநாடு போகேக்கை, விக்க மனமில்லாமல் தம்பியின்ரை கையிலை குடுத்திட்டுப் போனவர். தம்பி எண்டது எங்கடை அப்பா. அப்பா கந்தோரிலை கிளாக்கர். கழுத்திலை ரை கட்டி, குடை பிடிச்சு, கோச்சியிலை போய்வாற மனிசன். லொறிக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் எண்டு தெரியும், அவ்வளவுதான். அதிலையும் பிறகு ஒரு பிழை விட்டவர். அதைத்தான் சொல்லப் போறன்.

லொறியோடை சேர்த்துப் பெரியப்பா விட்டிட்டுப் போன இன்னொரு சொத்து டிரைவர் அங்கிள். கொட்டாஞ்சேனை ஆள், வேதக்காரர். ஸ்டியறிங்குக்கு மேலை ஒரு அந்தோனியார் படம் ஒட்டி வச்சிருப்பார். மனிசியும் மூண்டு பிள்ளையளும் தோட்டம் எண்டு சொல்லுற நெருக்கமான வீட்டு வரிசையிலை ஒரு சின்ன வீட்டிலை. நாங்கள் "வந்தது" எண்டால் அவர் "வந்திச்சு" எண்டுவார். அவரைப் போலக் கதைச்சு நான் அம்மாட்டைக் குட்டும் வாங்கியிருக்கிறன். துறைமுகத்திலை கம்பிச் சுருள் ஏத்தி இரத்மலானையிலை ஒரு ஆணிக் கொம்பனிக்குக் கொண்டுபோய் இறக்கிறதுதான் வேலை. அந்த வாடகையிலைதான் எங்கடை வீட்டுக் குசினியும் அவற்றை வீட்டுக் குசினியும் புகைஞ்சது. அப்பான்ரை கந்தோர்ச் சம்பளம் வீட்டு வாடகைக்கே சரி.

பிறகு ஆணிக் கொம்பனி மனேஜர் ஒரு நாள் சொல்லிப்போட்டார், இனி ட்ரெயிலர் கொழுவிக்கொண்டு வாங்கோ, ஒரே ஓட்டத்திலை ரெண்டு மடங்கு சாமான் வேணும், ஏலாட்டிச் சொல்லுங்கோ வேறை ஆள் இருக்கு எண்டு. அப்பா அந்தரப்பட்டு ஒரு பழைய ட்ரெயிலரைப் பிடிச்சார். அந்த மாசம் தொடங்கினதுதான் இந்தக் கொதிப்பு.

வெறும் லொறியா ஓடினால் ஒரு கரைச்சலும் இல்லை. ட்ரெயிலரைக் கொழுவி, கம்பிச் சுருளையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டால், கொள்ளுப்பிட்டியிலை சூடு காட்டுற முள் அசையத் தொடங்கும். பம்பலப்பிட்டியிலை சிவப்புக்குக் கிட்ட நிக்கும். வெள்ளவத்தையிலை எங்கடை வீட்டு ஒழுங்கை முகப்புக்கு வரேக்கை முன்னாலை வெள்ளைப் புகை ஆவியாக் கிளம்பும். டிரைவர் அங்கிள் காலி ஊருக்குப் போற அந்தக் காலி வீதியோரம் ஓரங்கட்டி, ரெண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். அம்மா மஞ்சள் பிளாஸ்ரிக் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவா. நான் பின்னாலை செம்போடை ஓடுவன்.

"பாப்பா, தள்ளி நில்லு, மூஞ்சில அடிச்சிரும்" எண்டு சொல்லிக்கொண்டு அவர் ஈரச்சாக்கை மடிச்சு றேடியேட்டர்த் தண்ணி மூடிக்கு மேலை போட்டு மெல்லத் திருப்புவார். ஸ்ஸ் எண்டு ஒரு சத்தம். பிறகு மண்ணிறத் தண்ணி பீறிட்டு றோட்டிலை ஓடும். உடனை பச்சைத் தண்ணி ஊத்தக் கூடாது, எஞ்சின் வெடிச்சுப் போகும். சூடு ஆறுமட்டும் இருக்க வேணும். அந்த ஆறுற நேரம் இருக்கே, அதுதான் எனக்குச் சொர்க்கம். அவர் மதில் கரையிலை குந்தியிருந்து அம்மா குடுக்கிற தேத்தண்ணியையும் கடலை வடையையும் சாப்பிடுவார். என்ரை பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தைக் கழுவி வைச்சிருந்தால், வாங்கி பொனற்றுக்கு மேலை வைப்பார். அவர் வடையை முடிக்க முதல் சப்பாத்து காய்ஞ்சிடும். வகுப்பிலை என்னை மாதிரி வெள்ளைச் சப்பாத்து ஒருத்திக்கும் இல்லை. லேசா டீசல் மணக்கும், அது வேறை கதை.

இனிப் பலகையைப் பற்றிச் சொல்ல வேணும்.

பெரியப்பா காலத்திலை லொறியின்ரை முன்பக்கம், றேடியேட்டர்க் கம்பி வலைக்கு மேலை, ஒடுங்கின தகரத்திலை "முருகன் துணை" எண்டு தமிழிலை எழுதியிருந்தது. உங்களுக்குத் தெரியும்தானே, அந்த நாளையிலை தமிழ் எழுத்து முன்னாலை வர, ஆமிக்காரர் மறிச்சுப் பாக்கிற சென்றிப் பொயின்றிலை எல்லாக் கண்ணும் எங்களிலைதான். ஒருக்கா அந்த எழுத்துக்காகவே டிரைவர் அங்கிளை ஒரு பின்னேரம் முழுக்க வெயிலிலை நிப்பாட்டி வைச்சவங்கள். அதுக்குப் பிறகு அப்பா யோசிச்சு, தெஹிவளையிலை ஒரு சிங்களப் பெயின்ரரைப் பிடிச்சு, பெரிய ஒட்டுப் பலகையிலை மஞ்சளும் சிவப்புமா எழுதுவிச்சார். "புது சரணாய்." புத்தரின்ரை துணை எண்டு அர்த்தம். சிங்கள எழுத்து வட்டம் வட்டமா வரும், சின்னப் பலகையிலை வடிவில்லை எண்டு பெயின்ரர் சொன்னதாலை, கண்ணாடிக்குக் கீழை தொடங்கி பம்பர் மட்டும் வாற பலகை. முன்பக்கம் முழுக்க அதுதான். நாலு நட்டுப் போட்டு இறுக்கியாச்சு.

சிங்களவங்கள் அந்தப் "பு"வை வயித்திலையிருந்து அழுத்திச் சொல்லுவாங்கள். எனக்கு அது விளங்கேல்லை, எங்கடை எழுத்திலை எல்லாம் ஒரே "பு" தானே. புதுசு எண்ட "புது" எண்டு நினைச்சுப்போட்டு அம்மாவைக் கேட்டன்.

"அம்மா, இது புதுச் சரண் எண்டால் பழைய சரண் எங்கை?"

"பழையவர் பின்னாலை நிக்கிறார். நீ சத்தம் போடாதை" எண்டா அம்மா.

ட்ரெயிலர் வந்ததும் பலகை வந்ததும் ஒரே மாசம். கவனிச்சியளோ? நீங்கள் கவனிச்சிருப்பியள், இவ்வளவு காலத்துக்குப் பிறகு கதிரையிலை இருந்து கதை கேக்கிற ஆக்கள்தானே. அங்கை ஒருத்தரும் கவனிக்கேல்லை. எல்லாரும் ட்ரெயிலரைத்தான் திட்டினவை.

தெஹிவளையிலை ஒரு சிங்கள மெக்கானிக் இருந்தவர், எல்லாரும் பாஸ் எண்டுதான் கூப்பிடுவினம். வயசான மனிசன், சறம் கட்டி, காதிலை ஒரு துண்டு பீடி செருகியிருப்பார். லொறியைக் கொண்டுபோய் விட்டால் முதல் வேலையா அந்தப் பலகைக்கு முன்னாலை நிண்டு ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிடுவார். பிறகுதான் பொனற்றைத் திறப்பார். றேடியேட்டரை மேலாலை கழட்டி எடுத்து, துருவெல்லாம் வரக் கழுவினார். சரிவரேல்லை. ஃபான் பெல்ற் தளர்வு எண்டு புதுசு போட்டார். சரிவரேல்லை. சூட்டுக்குத் திறந்து மூடிற வால்வ் ஒண்டு உள்ளுக்கை இருக்காம், எங்கடை நாட்டு வெக்கைக்கு உது தேவையில்லாச் சாமான் எண்டு அதையே தூக்கி எறிஞ்சார். ட்ரெயிலர் பிரேக் பிடிச்சுக்கொண்டு ஓடுதோ எண்டு ஒவ்வொரு சில்லாத் தொட்டுத் தொட்டுப் பாத்தார். கேஸ்கெற் போயிருக்குமோ எண்டு எஞ்சினைக் கூடப் பிரிச்சார். ஒவ்வொரு முறையும் அப்பா, "இப்ப சரியோ பாஸ்?" எண்டு கேப்பார். பாஸ் பலகையை ஒருக்காப் பாப்பார், அப்பாவை ஒருக்காப் பாப்பார், தலையைச் சொறிஞ்சுகொண்டு, "பாப்பம் மாத்தயா" எண்டுவார்; மாத்தயா எண்டால் ஐயா. அந்தப் பார்வை எனக்கு இப்ப விளங்குது. அப்ப அவருக்குப் பேன் எண்டு நினைச்சனான்.

அம்மாவும் தன்ரை வைத்தியத்தை விடேல்லை. கண்ணூறு எண்டு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துப் பலகையிலை கட்டிவிட்டா. லொறி அதுக்கும் மசியேல்லை. கொதிச்சுக்கொண்டுதான் வந்தது. ஆணிக் கொம்பனி மனேஜர், இனி ஒரு நாள் பிந்தி வந்தால் சாமானை வேறை லொறிக்குக் குடுப்பன் எண்டு கடைசியாச் சொல்லிப்போட்டார்.

இந்த நேரம் பாத்துத்தான் எங்கடை மேல்மாடி மாமா வாயைத் திறந்தார். ரெயில்வேயிலை இருந்து பென்சன் எடுத்தவர், எஞ்சின் எண்டால் தான்தான் எண்டு நினைப்பு. மாடிப் படியிலை நிண்டு ஒரு நாள் அப்பாட்டைச் சொன்னார்:

"ஏன் காணும், எல்லா நாளும் உம்மடை ஒழுங்கை வாசலிலை மட்டும் கொதிக்கிற எஞ்சினை நான் என்ரை சேர்விஸிலை கண்டதில்லை. லொறி கொதிக்கேல்லை. அவன் கொதிக்க வைக்கிறான். வடைக்கும் தேத்தண்ணிக்கும்."

அந்தச் சொல்லு அப்பாக்குள்ளை போய் இருந்திட்டுது. அம்மா எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. "நாலு மாசமா எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தாதது டிரைவரை மட்டும்தான்" எண்டார். எனக்குப் பத்தி எரிஞ்சுது. ஆனா அப்பாவோடை ஆர் கதைக்கிறது? அடுத்த ஓட்டம் வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமை நான் லீவிலை வீட்டிலை நிப்பன். வரேக்கை ஒரு கதை இருக்கு" எண்டு டிரைவர் அங்கிளுக்குச் சொல்லிவிட்டார். அந்தாள் பாவம், சம்பளம் கூட்டப் போறார் எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு கதிரையிலை நிமிர்ந்து இருந்தார். என்ன சொல்லுறது எண்டு மனசுக்குள்ளை பாடமாக்கிறார் எண்டு முகத்திலை தெரிஞ்சுது. அம்மா கோவத்திலை வழமையிலும் கூட வடை சுட்டா. "கடைசி முறையெண்டாலும் வடிவாச் சாப்பிடட்டும்" எண்டு சட்டியைப் பாத்துச் சொன்னா. எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. சப்பாத்தைக் கழுவி வைச்சிட்டு ஹோர்னுக்குக் காது குடுத்துக்கொண்டு இருந்தன்.

ஹோர்ன் கேக்கேல்லை.

வாற நேரம் கழிஞ்சு கனநேரமாச்சு. ஒழுங்கை முகப்புக்குப் போனம். அம்மா வாளியோடை நிண்டா. லொறி லொறியாப் போகுது, எங்கடை லொறி மட்டும் இல்லை. வடை ஆறிப்போச்சு. சந்தியிலை நிண்ட ஆரோ, காலமை கோட்டைப் பக்கம் ஒரு தமிழ் டிரைவரை இறக்கி வைச்சிருக்கிறாங்கள் எண்டு சொல்லிக்கொண்டு போனார். அம்மா சட்டெண்டு திரும்ப, வாளித் தண்ணி காலிலை ஊத்துண்டது.

அப்பதான் எனக்கு ஒண்டு விளங்கினது. எங்களுக்கு அந்தக் கொதிப்புத்தான் கடிதம், அதுதான் தந்தி. லொறி எங்கடை வாசலிலை கொதிச்சால், துறைமுகத்திலையிருந்து வெள்ளவத்தை மட்டும் இருக்கிற அத்தினை சென்றியையும் அந்த மனிசன் உயிரோடை தாண்டிட்டார் எண்டு அர்த்தம். கொதிக்காத நாள்தான் பயப்பட வேண்டிய நாள்.

அப்பா ஃபோன் இருந்த பார்மசிக்குப் போய் ஆணிக் கொம்பனிக்கு ஃபோன் எடுத்தார். எங்கேஜ்ட். திரும்பத் திரும்ப எடுத்தார், எங்கேஜ்ட்தான். திரும்பி வந்து ரையைக் கட்டினார். அம்மா வாசலிலை மறிச்சு நிண்டா.

"நீங்கள் எங்கை போறியள்?"

"பொலிஸுக்கு."

"உங்களையும் பிடிச்சு வைச்சால்?"

"அவனுக்குச் சிங்களம் வடிவாத் தெரியும், அவனையே பிடிச்சவங்கள் எண்டால்..." எண்டு தொடங்கினவர் நிப்பாட்டிப்போட்டு, "அவன் எங்கடை ஆள். நான் போகாட்டி ஆர் போறது?" எண்டார். கையிலை குடையையும் எடுத்துக்கொண்டு போனார். காலமை அந்த மனிசனை வேலையாலை நிப்பாட்ட இருந்த அதே அப்பா. உங்களுக்குச் சிரிப்பாயிருக்கும். எனக்கு அந்தக் குடை போறதைப் பாக்க அழுகை வந்தது.

பொலிஸிலை ஒரு மறுமொழியும் இல்லை, பொறுத்துப் பாருங்கோ எண்டு அனுப்பிப்போட்டாங்கள். அப்பா திரும்பி வந்து, ஒழுங்கை முகப்பிலையே நிண்டார். வெயில் சாயிற நேரம், இரத்மலானைப் பக்கத்திலையிருந்து, சாமான் இறக்கின வெறும் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு எங்கடை லொறி வந்தது. டிரைவர் அங்கிள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். எங்கள் எல்லாரையும் பாத்துத் திகைச்சுப்போனார்.

"என்னாங்கம்மா, யாருக்கும் சுகமில்லையா?"

அம்மா வாளியை நிலத்திலை வைச்சிட்டு அவரை ஏசத் தொடங்கினா. பிள்ளையள் பெத்த மனிசன் எண்டும் பாக்கேல்லை, றோட்டு எண்டும் பாக்கேல்லை. ஏசி ஏசி அழுதா. அவர் கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டு சொன்ன கதை இதுதான்.

காலமை கொள்ளுப்பிட்டிச் சென்றியிலை மறிச்சவங்களாம். ஒரு இளம் ஆமிக்காரன் முன்னாலை வந்து நிண்டு, இவ்வளவு பெரிய பலகைக்குப் பின்னாலை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டானாம். நட்டைக் கழட்டச் சொன்னானாம். கழட்டினால் உள்ளுக்கை தமிழ் எழுத்து.

"இது என்னான்னு கேட்டான். முருகன அவங்க கும்புடுற பேர்ல, கதிர்காமத் தெய்யோ சேர்னு சொன்னேன். மொதல்லருந்து இவருதான் இருந்தாரு, அப்புறம்தான் அத வச்சோம்னு சொன்னேன். அப்ப இவர ஏன் மறைச்சேன்னு கேக்குறான். அதுக்கு என்னா பதில் சொல்றது?"

ஆமிக்காரன் குனிஞ்சு நட்டைத் தேடினவனாம். நட்டெல்லாம் உருண்டு வடிகானுக்குள்ளை போயிட்டுது. பலகையை ரெண்டு கையாலையும் தூக்கி, டிரைவருக்குப் பக்கத்துச் சீற்றிலை நிமித்தி வைச்சு, காலடியிலை போடாதை எண்டு சொல்லி அனுப்பினவனாம்.

"ஏற்கனவே லேட்டு. ஆணிக் கொம்பனி வாசக் கேட்ட மூடிருவாங்கன்னு பயந்து வந்தா, முள்ளு ஏறவே இல்ல. முள்ளு செத்துப்போச்சுன்னு நெனச்சேன். நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் ஆகாதோன்னு பயத்துல ஹோர்ன மட்டும் அடிச்சிட்டுப் போயிட்டேன். கேக்கலையா?"

காலி வீதியிலை நிக்காமல் ஓடுற லொறியின்ரை ஹோர்ன் ஆருக்குக் கேக்கும்?

அம்மா மூக்கைத் துடைச்சுக்கொண்டு லொறிக்கு முன்னாலை போனா. பலகை இல்லாத இடத்திலை றேடியேட்டர் வலை நாலு மாசத்துக்குப் பிறகு வெளிச்சம் கண்டு நிண்டுது. மேலை முருகன் துணை, தூசியோடை. அம்மா புறங்கையை அந்த வலையிலை வைச்சுப் பாத்தா, எனக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரி. பிறகு உள்ளுக்கை சீற்றிலை பிரயாணி மாதிரி இருக்கிற பலகையைப் பாத்தா. பிறகு அப்பாவைப் பாத்தா.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் இதுக்கு மூச்சு விட வழியில்லாமல்தான் இருந்திருக்கு" எண்டா.

அப்பா தானும் கையை வலையிலை வைச்சுப் பாத்தார். பக்கத்திலை வந்து நிண்ட மேல்மாடி மாமா குடையைத் தேடுறவர் மாதிரி வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் குடையே கொண்டுவரேல்லை.

அடுத்த கிழமை பாஸிட்டை கேட்டவிடத்து மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார். முதல் நாளே தனக்கு ஒரு ஐமிச்சம் வந்ததாம். பாரம் இழுக்கேக்கை எஞ்சினுக்குக் காத்து வேணும், பலகை காத்தை மறிக்குது. ஆனா சிங்களவன் நான், புத்தற்றை பேரைக் கழட்டு எண்டு தமிழ் மாத்தயாட்டை எப்பிடிச் சொல்லுறது, நீங்கள் பயந்துதான் அதை மாட்டியிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாதோ எண்டு கேட்டார். டிரைவர் அங்கிளும் தலையைக் குனிஞ்சுகொண்டு, தனக்கும் ஒரு யோசனை வந்ததுதான், வேதக்காரன் நான் சொன்னால் என்ன நினைப்பியளோ எண்டு விட்டிட்டன் எண்டார். பாருங்கோ, ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது எண்டு எல்லாருமாச் சேர்ந்து ஒரு எஞ்சினை அவிச்சிருக்கினம்.

பாஸ் தன்ரை கையாலையே அந்தப் பலகையைக் கண்ணாடிக்கு மேலை, கூரையோடை சேர்த்து ஏத்திக் கட்டித் தந்தார். கீழை இருந்த முருகனை அப்பா திரும்ப மறைக்கேல்லை. அந்த ஆமிக்காரன் கேட்ட கேள்வி அவருக்கும் குத்தியிருக்க வேணும். பயம் போகேல்லை, ஆனா மறைக்கேல்லை.

அந்தக் கிழமையிலை ஒரு நாள், முழுப் பாரத்தோடை லொறி வந்து ஒழுங்கை முகப்பிலை நிண்டது. ஆவியில்லை, சத்தமில்லை. ரெண்டு தரம் ஹோர்ன். அம்மா பழக்கத்திலை வாளியோடை ஓடினா. டிரைவர் அங்கிள் வாளியைப் பாத்துக் கூச்சத்தோடை சிரிச்சார். அண்டைக்கு அப்பாவும் வீட்டிலை. அவரும் இறங்கிப் போனார்.

"ஐயா, அன்னைக்கு ஏதோ கதை இருக்குன்னு சொல்லிவிட்டீங்களே. ஒரே பதட்டத்துல கேக்க மறந்துட்டேன். அதான் நிப்பாட்டினேன். என்னாங்க ஐயா?"

அம்மா வாளிக் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருந்தா. அப்பா ஒருக்கா லொறியைப் பாத்தார், ஒருக்கா வாளியைப் பாத்தார்.

"ஓம். ஒரு கதைதான்" எண்டார். "லொறி கொதிச்சாலும் கொதிக்காட்டிலும் இஞ்சை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுத்தான் போக வேணும். அதைத்தான் அண்டைக்குச் சொல்ல இருந்தனான்."

டிரைவர் அங்கிள் என்ரை செம்பை வாங்கி வாளிக்குள்ளை விட்டு அள்ளி, எஞ்சினுக்கு வந்த தண்ணியை நிண்ட நிலையிலேயே குடிச்சு முடிச்சார்.